புது வீல் போட்டதும் வண்டி மாறிப்போச்சா? அறிகுறியை வச்சு கோளாறைப் பிடிக்கிற வழி

வாரநாள்ல ரோட்ல ஓடணும், லீவு கிடைச்சா ரேஸ் ட்ராக்ல ஓடணும், ரெண்டுக்கும் ஒரே கார்னு வச்சிருக்கிறவங்களுக்காக இதை எழுதுறேன். வீல் மாத்தின பிறகு வர்ற தொந்தரவுல பாதிக்கு மேல ஒரே இடத்துல இருந்துதான் வருது, முதல்ல ரிம்மை ஆசைப்பட்டு எடுத்துடுறோம், அப்புறம் அதுக்கு ஒரு டயரைத் தேடுறோம், கடைசியா அது ரெண்டும் வண்டிக்குள்ள நுழையுமான்னு பாக்குறோம். இதை அப்படியே திருப்பிப் போடணும். எந்த டயர்ல ஓடப்போறோம்னு முடிவு பண்ணுங்க, அந்த டயர் கேக்கிற ரிம் அகலத்தை எடுங்க, பிரேக்கைத் தாண்டி உள்ள போற அளவுக்கு விட்டத்தை வச்சுக்கங்க, ஆஃப்செட்டை (வண்டியோட சேர்ற முகம் ரிம்மோட நடுவுல இருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்குங்கிற அளவு, ஈடின்னு எழுதியிருக்கும்) கணக்குப் போட்டு கடைசியா முடிங்க. ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா பரவால்ல, கீழ உங்க அறிகுறி எதுன்னு பாருங்க, பெரும்பாலும் வேற வீல் வாங்காமயே சரி பண்ணிடலாம்.

"டக் டக்"னு சத்தம், வேகம் கூடக் கூட சத்தமும் கூடுது

இதுக்கு மட்டும் மத்ததைப் படிச்சுட்டு இருக்காதீங்க, வண்டியை ஓரங்கட்டுங்க. நட்டு லூசாயிருக்கு. புது ரிம்ல பெயின்ட் பூசின சீட் (நட்டு உக்கார்ற குழி) மேல நட்டு உக்காருது, நாலஞ்சு தடவை சூடாகி ஆறினதும் அந்தப் பெயின்ட் அமுங்கி இறுக்கம் குறைஞ்சுடும், அதனாலதான் முதல் நூறு கிலோமீட்டருக்குள்ள ஒரு தடவை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்குற ஸ்பேனர்) வச்சு பாக்கச் சொல்றது, ட்ராக்ல ஒவ்வொரு ரவுண்டு முடிச்சு வந்து வீல் ஆறினதும் பாக்கணும். எவ்வளவு டார்க்னு வண்டி மேனுவல்ல இருக்கும், ஸ்டட்டோட (நட்டு ஏறுற போல்ட்) மரையில ஆயில் தடவாதீங்க, தடவினா அதே அளவுக்கு ரெஞ்ச் கிளிக் ஆனாலும் ஸ்டட் அதிகமா இழுபடும்.

இன்னொண்ணு நட்டோட வடிவம். கம்பெனி ரிம்ல சில வண்டிக்கு உருண்டை சீட் நட்டு வரும், வெளில வாங்குற ரிம்ல பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு சீட்தான், ஒண்ணோட நட்டை இன்னொண்ணுல போட்டா தொடுற இடம் ஒரு மெல்லிய வளையம்தான், எவ்வளவு முறுக்கினாலும் நிக்காது. ஸ்பேசர் (ரிம்மை வெளில தள்ள, வீல் மாட்டுற ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவுல வைக்கிற தட்டு) போட்டிருந்தா நட்டு எத்தனை சுத்து ஏறுதுன்னு எண்ணுங்க. 12 மி.மீ. ஸ்டட், 1.5 மி.மீ. பிட்ச் (ஒரு சுத்துக்கு நட்டு ஏறுற தூரம்)ன்னா கொறைஞ்சது 8 சுத்து ஏறணும், ஆறு சுத்துல நின்னுடுச்சுன்னா அந்த ஸ்பேசரைக் கழட்டுங்க, இல்ல நீளமான ஸ்டட் போடுங்க.

உரசுது

உடனே ஃபெண்டர் (டயருக்கு மேல இருக்கிற பாடி வளைவு) ஓரத்தை மடக்கக் கிளம்பிடாதீங்க, எங்க உரசுதுன்னு தெரியணும். டயரோட ரெண்டு தோள்பட்டையிலயும் சுண்ணாம்புக்கட்டியால கோடு போட்டுட்டு பத்து நிமிஷம் ஓட்டிட்டு வாங்க. வெளிப்பக்கக் கோடு அழிஞ்சிருந்து தோள்ல பளபளன்னு ஒரு பட்டை தெரிஞ்சா ஃபெண்டர் ஓரம். முழுசா ஸ்டீயரிங் ஒடிச்சா மட்டும் சர்ருன்னு கேட்டா அது ஃபெண்டருக்கு உள்ள இருக்கிற பிளாஸ்டிக் லைனர், இதுல ஆபத்து இல்ல, லைனரைக் கொஞ்சம் சூடு காட்டி உள்ள தள்ளிவிட்டா போதும். உள்பக்க சைடுவால்ல சுத்திலும் கத்தியால கீறின மாதிரி ஒரு கோடு இருந்தா அது ஸ்ட்ரட் (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), இல்ல ஸ்ப்ரிங் தட்டு. இதைத்தான் நான் ரொம்ப பயப்படுவேன், ஏன்னா வெளில இருந்து பாத்தா தெரியாது, வீலைக் கழட்டினாதான் தெரியும், அதுக்குள்ள சைடுவால் பாதி அறுந்திருக்கும்.

இப்ப கணக்கு. வண்டியோட வந்தது 17×7.5 (விட்டம் 17 இன்ச், அகலம் 7.5 இன்ச்), ஈடி 48ன்னு வைங்க. நீங்க போட்டது 17×9, ஈடி 45. அகலம் ஒன்றரை இன்ச் கூடிச்சு, அதாவது 38 மி.மீ., ரெண்டு பக்கமும் 19, 19ஆ பிரியுது. ஈடி 3 குறைஞ்சதால ரிம் மொத்தமா 3 மி.மீ. வெளில வந்துச்சு. அப்ப உள்பக்கம் ஸ்ட்ரட்டை நோக்கி 16 மி.மீ., வெளிப்பக்கம் ஃபெண்டரை நோக்கி 22 மி.மீ. இந்தக் கணக்கை ஒரு தாள்ல போட ரெண்டு நிமிஷம்தான் ஆகும், இதைப் போடாம "ஈடி கம்மியா இருந்தா லுக்கா இருக்கும்"னு வாங்கினவங்க வண்டியிலதான் ஃபெண்டர் கிழிஞ்சு கிடக்கு. அதே ரிம்ல டயர் மட்டும் மாத்தினாலும் இடம் மாறும், டயர்ல ஒரே 245ன்னு (அகலம், மி.மீ.ல) எழுதியிருந்தாலும் ட்ராக்குக்குன்னு வர்ற சாஃப்ட் டயருங்க சிலது நல்லா அகலமா, தோள் சதுரமா இருக்கும், அதே டயரை அரை இன்ச் அகலமான ரிம்ல ஏத்தினா டயரும் சுமார் 5 மி.மீ. விரியும்.

எவ்வளவு இடைவெளி விடணும்னா ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பதில் இல்ல. முன்பக்கம் ஸ்ட்ரட் இருக்கிற வண்டியில ஸ்ட்ரட்டும் வீலும் சேர்ந்தே ஏறி இறங்கும், சேர்ந்தே திரும்பும், அதனால அங்க 5 மி.மீ. இருந்தா நிம்மதியா ஓட்டலாம். ஃபெண்டர் பாடியோட நிக்குது, வீல் அதுக்குள்ள ஏறி வருது, கார்னர்ல பாடி சாயும்போது டயரும் பக்கவாட்டுல வழியும், அதனால நிக்கும்போது நல்லா இடம் இருக்கேன்னு தோணுறது ட்ராக்ல பத்தாது.

நம்பிக்கையான சோதனை ஒண்ணு இருக்கு, கொஞ்சம் வேலை, ஆனா செஞ்சுட்டா சந்தேகமே இருக்காது. வண்டியை ஸ்டாண்ட்ல நிறுத்தி ஸ்ப்ரிங்கைக் கழட்டிட்டு டேம்பரை (ஷாக் அப்சார்பர்) மட்டும் திரும்ப மாட்டுங்க, வீலைப் போட்டு ஹப்புக்குக் கீழ ஜாக்கி கொடுத்து பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் ஒரு அளவுக்கு மேல ஏறாம தடுக்கிற ரப்பர்) முட்டுற வரைக்கும் மெதுவா ஏத்துங்க, அந்த நிலைல ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்புங்க. ட்ராக்ல நடக்கப்போறது பூரா அங்கேயே கண்ணு முன்னாடி தெரிஞ்சிடும்.

கேம்பர் (வீலோட மேல் ஓரம் உள்ள, வெளில சாயுற கோணம்) வச்சு உரசலைச் சரி பண்றவங்களுக்கு ஒரு விஷயம்: மேல கேம்பர் பிளேட் போட்டு சாய்ச்சா ஸ்ட்ரட்டும் சேர்ந்து சாயும், உள்பக்க இடைவெளி மாறாது. கீழ நக்கிள்ல (ஹப்பைத் தாங்குற பாகம்) கேம்பர் போல்ட் போட்டு சாய்ச்சா வீல் மட்டும் ஸ்ட்ரட் பக்கம் சாயும், ஃபெண்டர் உரசல் போய் ஸ்ட்ரட் உரசல் வந்துடும், வெளில தெரிஞ்ச கோளாறை உள்ள ஒளிச்சு வச்ச கதைதான்.

ஸ்டீயரிங் உதறுது

பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினா வீலைக் குத்தம் சொல்லாதீங்க, பெரும்பாலும் டிஸ்க் மேல பேட் மெட்டீரியல் திட்டுத்திட்டா படிஞ்சிருக்கும். சும்மா 80, 100ல போகும்போதே உதறுதுன்னா இங்க வாங்க.

ட்ராக்ல இருந்து திரும்பி வரும்போதுதான் ஆரம்பிச்சுதா? டயரை உள்ளங்கையால தடவிப் பாருங்க. கடைசி ரவுண்டுல மெதுவா உள்ள வரும்போது ஓரத்துல கிடக்கிற ரப்பர் துணுக்கெல்லாம் சூடான டயர்ல ஒட்டிக்கும், மாவு உருண்டை மாதிரி மேடு மேடா கைக்குத் தட்டுப்படும். சுரண்டி எடுங்க, இல்லன்னா கொஞ்ச தூரம் ஓடினா தானா உதிரும். அது இல்லன்னா ரிம்முக்கு உள்ள பேலன்ஸ் வெயிட் ஒட்டியிருந்த இடத்தைப் பாருங்க, பிரேக் சூட்டுல பசை இளகி வெயிட் விழுந்திருந்தா ஒட்டியிருந்த இடம் மட்டும் சதுரமா சுத்தமா தெரியும், சுத்தி பிரேக் தூசி கருப்பா இருக்கும். ட்ராக் போற வண்டிக்கு அந்த இடத்தை நல்லாத் துடைச்சுட்டு வெயிட் ஒட்டி, அதுக்கு மேல அலுமினிய டேப் போட்டு அழுத்தி விடச் சொல்லுங்க, அதுக்கப்புறம் விழாது.

டயர் ரிம்மோட சேராம நழுவுறதும் உண்டு. சோப்புத்தண்ணி தடவி டயர் ஏத்தின அன்னிக்கே ட்ராக்குக்குப் போயி அழுத்தி பிரேக் அடிச்சா ரிம் ஒரு பக்கம், டயர் ஒரு பக்கம்னு கொஞ்சம் சுத்திடும், பேலன்ஸ் பண்ணினது பூரா வீணாயிடும். வால்வுக்கு நேரா டயர்ல ஒரு பெயின்ட் புள்ளி வச்சுட்டீங்கன்னா அடுத்த தடவை ஒரே பார்வையில தெரியும்.

இனிமேதான் சென்டர் போர். வெளில விக்கிற ரிம் பல வண்டிக்கும் பொருந்தணும்னு நடு ஓட்டையைப் பெருசா வச்சு செய்வாங்க, 73.1 மி.மீ.ன்னு நிறைய வரும். உங்க வண்டி ஹப் 56.1, 60.1, 64.1ன்னு ஏதோ ஒண்ணா இருக்கும், நடுவுல இருக்கிற இடத்தை ஒரு ஹப் ரிங் நிரப்பணும். என் வண்டியில ரிம்மோட சேத்துக் கொடுத்த ரிங் பிளாஸ்டிக்குன்னு நான் அப்ப கவனிக்கல. மூணாவது ட்ராக் டே முடிஞ்சு வீடு வரும்போது 90ல உதறல், பேலன்ஸ் ரெண்டு தடவை பண்ணியும் போகல, அப்புறம் வீலைக் கழட்டினா ரிங் ஹப்போட ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குது, மேல் ஓரம் உருகி வழிஞ்சு, வீல் உக்கார்ற முகத்துக்கு நடுவுல ஒரு மெல்லிய தகடா காய்ஞ்சு போயிருந்தது. முகம் தட்டையா உக்காரலன்னா நட்டு இறுக்கமும் பொய்தான். அலுமினிய ரிங் வாங்கி, ஹப்பைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு மாட்டினதும் உதறல் போயிடுச்சு. மாட்டும்போது வீல் அந்தரத்துல இருக்கும்போதே நட்டுகளை எதிரெதிரா கையால இறுக்கி நடுவுல உக்கார வச்சுட்டு, லேசா தரையில படவிட்டு அப்புறம் டார்க் ரெஞ்ச் எடுங்க.

ட்ராக்ல முன்பக்கம் திரும்பவே மாட்டேங்குது, டயரோட வெளித்தோள் தேஞ்சுபோச்சு

எல்லாரும் உடனே அகல டயருக்குத்தான் போறாங்க. முதல்ல காத்து பாருங்க, பைசா செலவில்லாத வேலை. டயர் சூடாக ஆக காத்து ஏறும், காலைல ரோடு அளவுக்கு அடிச்சுட்டு அப்படியே ட்ராக்ல இறங்கினா நாலஞ்சு லேப்ல அளவு மேல போயி டயர் வழுக்க ஆரம்பிக்கும். சூடா இருக்கும்போது என்ன அளவு வரணும்னு வச்சு, குளிர்ந்தப்ப அதுக்கேத்த மாதிரி குறைச்சு அடிங்க, திரும்பி வீட்டுக்குக் கிளம்பும்போது மறக்காம ரோடு அளவுக்கு ஏத்துங்க.

அடுத்தது கேம்பர். ஸ்ட்ரட் வண்டி சாயும்போது வெளிவீல் நிமிர்ந்துடாது, வெளிப்பக்கம் கவிழும், மொத்த எடையும் டயரோட வெளித்தோள் மேலதான். ரவுண்டு முடிஞ்சு வந்த உடனே ஊசி தெர்மாமீட்டரால உள், நடு, வெளின்னு மூணு இடத்துல குத்திப் பாருங்க, வெளிப்பக்கம் ரொம்ப சூடா இருந்தா கேம்பர் பத்தலன்னு அர்த்தம். ரோடு செட்டிங் ஒன்றரை டிகிரி கூட இருக்காது, ட்ராக்குக்கு இந்த மாதிரி வண்டிங்க நெகட்டிவ் (மேல் ஓரம் உள்பக்கம் சாய்ஞ்சு) இரண்டரை, மூணு வரைக்கும் கேக்கும். கேம்பர் பத்தாம 255 போட்டா தேயறதுக்கு இன்னும் விலை கூடின தோள் ஒண்ணு கிடைச்சதுதான் மிச்சம்.

அது ரெண்டும் சரியா இருந்தும் ஸ்டீயரிங் திருப்பினா ஒரு நொடி கழிச்சுதான் வண்டி திரும்புதுன்னா ரிம் அகலத்தைப் பாருங்க. 225/45 ஆர் 17 (அகலம் 225 மி.மீ., சைடுவால் உயரம் அதுல 45 சதவீதம், ரிம் 17 இன்ச்) டயருக்கு 7லேருந்து 8.5 இன்ச் வரைக்கும் ரிம் சரி, 245/40க்கு 8லேருந்து 9.5, 255/40 ஆர் 17க்கு 8.5லேருந்து 10. ரோட்டுக்கு நடு அளவு போதும், ட்ராக்ல மேல் பாதியிலதான் டயர் நேரா நிக்கும். ஏழரை ரிம்ல 245ஐ அடைச்சா டயர் நடுவுல வீங்கி, சைடுவால் ரிம்முக்கு வெளில தொங்கி, கார்னர்ல மடங்கும். இந்த நிலைல 225ஐ 8.5 ரிம்ல போட்டு ஓட்டினவன் உங்களைத் தாண்டிப் போவான், நான் பாத்திருக்கேன். டயர் அகலத்தைவிட ரிம் அகலத்துக்குத்தான் நான் முதல்ல காசு போடுவேன்.

பின்வீல் ட்ரைவ் வண்டி சிலதுல கம்பெனியே முன்னாடி ஒல்லி, பின்னாடி அகலம்னு கொடுத்திருப்பாங்க, சாதாரணமா ஓட்டுறவங்க கையில பின்பக்கம் சுத்திடக்கூடாதுன்னு. ட்ராக்ல நாலு பக்கமும் ஒரே அளவு போட்டா முன்பக்கம் கடிக்கும், டயரை முன்னபின்ன மாத்திப் போட்டு ஆயுளையும் கூட்டலாம். ஆனா ஈர ரோட்ல பின்பக்கம் முன்ன மாதிரி அமைதியா இருக்கும்னு நினைக்காதீங்க, முதல் மழைக்கு மெதுவா பழகுங்க.

வண்டி மந்தமாயிடுச்சு, குழில விழுந்தா இடுப்பு வரைக்கும் தெரியுது, ரிம் வளைஞ்சுடுச்சு

விட்டம் பெருசாப் போயிடுச்சு. வீலோட எடை நடுவுல இருக்கிறதைவிட ஓரத்துல இருந்தா சுத்தறதுக்கு ரொம்ப சிரமம், பெரிய ரிம்னா அந்த எடை நடுவை விட்டு இன்னும் விலகிப் போகுது, பெரிய ரிம் சாதாரணமா எடையும் கூடத்தான். முடுக்கறதுக்கும் நிறுத்தறதுக்கும் குழில ஏறி இறங்கறதுக்கும் அந்த எடையை நீங்க சுமக்கறீங்க.

இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் ஹோண்டா சிவிக் டைப் ஆர். 2017ல வந்த எஃப்கே8 மாடலுக்கு 245/30 ஆர் 20. சைடுவால் வெறும் 73.5 மி.மீ. ட்ராக் போறவங்க அதைக் கழட்டிட்டு 18 இன்ச்சுக்கு இறங்கி 265/35 போட்டாங்க, சைடுவால் 93க்கு வந்துடுச்சு, டயரும் அகலம். 2022ல அடுத்த மாடல் எஃப்எல்5 வரும்போது ஹோண்டாவே 20ஐ விட்டுட்டு 265/30 ஆர் 19 கொடுத்தாங்க. மொத்த விட்டத்தைப் பாருங்க, அந்த 19 இன்ச் 641.6 மி.மீ., 18 இன்ச்ல 265/35 போட்டா 642.7. ரிம் ஒரு இன்ச் குறைஞ்சும் வெளி அளவு கிட்டத்தட்ட அதேதான்.

அப்ப எவ்வளவு சின்னதாப் போகலாம்னா, பிரேக் விடுற வரைக்கும். கேலிப்பருக்கும் (பிரேக் பேடைப் பிடிச்சிருக்கிற பாகம்) ரிம்முக்கும் 3 மி.மீ. கூட இல்லன்னா வேணாம். நிறைய பேர் ரிம்மோட உள் சுத்தை மட்டும் அளந்துட்டு ஏமாறுறாங்க, பெரிய கேலிப்பர் முட்டுறது பெரும்பாலும் ஸ்போக்கோட பின்பக்கம், அதனால பிரேக் கம்பெனி கொடுக்கிற காகித அச்சை அட்டையில ஒட்டி வெட்டி ரிம்முக்குள்ள சுத்திப் பாருங்க. பேலன்ஸ் வெயிட்டும் கேலிப்பர் ஓடற பாதைல வரக்கூடாது.

ரொம்ப சின்னதும் தொல்லைதான், நல்ல டயர் கிடைக்காது. முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டா 185/60 ஆர் 14ல வந்தது, இன்னிக்கு ட்ராக்ல பாதி பேர் 15×9 ரிம்ல 225/45 ஆர் 15தான், காரணம் 14ல பிடிப்பான டயர் தேடிக் கிடைக்கறது கஷ்டம், மொத்த விட்டமோ 6 மி.மீ.தான் கூடுது. எந்த அளவுக்கு மாறினாலும் லோடு இன்டெக்ஸ் கம்பெனி டயரைவிடக் கீழ போகக்கூடாது, 91ன்னா ஒரு டயர் 615 கிலோ தாங்கும்னு அர்த்தம்.

ஏபிஎஸ், ட்ராக்ஷன் லைட் எரியுது, இல்ல ஸ்பீடோமீட்டர் தப்பாக் காட்டுது

மொத்த விட்டத்தைக் கணக்குப் போடுங்க: அகலத்தை விகிதத்தால பெருக்கி, நூறால வகுத்து, ரெண்டு மடங்காக்கி, ரிம் இன்ச்சை 25.4ஆல பெருக்கி அதோட கூட்டுங்க. பழசுக்கும் புதுசுக்கும் 3 சதவீதத்துக்குள்ள வச்சுக்கங்க. அதைவிட முக்கியம் முன்னாடியும் பின்னாடியும் உள்ள வித்தியாசம், கம்ப்யூட்டர் அதைத்தான் வீல் சறுக்குதுன்னு தப்பா எடுத்துக்குது. நாலு வீல் ட்ரைவ் வண்டின்னா இன்னும் கவனம், சுபாரு நாலு டயரோட சுற்றளவும் கால் இன்ச்சுக்குள்ள இருக்கணும்னு சொல்றாங்க, அதாவது 6 மி.மீ. சொச்சம். ட்ரெட் ஒரு மி.மீ. தேஞ்சாலே சுற்றளவு 6.3 மி.மீ. குறைஞ்சுடும். ஒரு டயர் மட்டும் பஞ்சராகி புதுசு போட்டா சென்டர் டிஃப்ரென்ஷியல் (முன், பின் அச்சு வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர்) ஓயாம சுத்திச் சூடாகும், மத்த மூணும் நல்லா தேஞ்சிருந்தா நாலும் ஒண்ணா மாத்தணும், இல்ல புது டயரோட ட்ரெட்டை மத்ததோட அளவுக்குச் சீவிப் போடணும்.

ரோட்டுப் பள்ளம் இழுக்கிற பக்கம் வண்டி போகுது

ஆஃப்செட்டை ரொம்பக் குறைச்சுட்டீங்க, இல்ல தடிமனான ஸ்பேசர் இருக்கு. டயரோட நடு, ஸ்டீயரிங் திரும்புற அச்சுல இருந்து வெளில தள்ளிப் போயிடுச்சு, அதனால ஒவ்வொரு மேடும் பள்ளமும் நெம்புகோல் மாதிரி ஸ்டீயரிங்கை இழுக்குது. முன்வீல் ட்ரைவ்ல ஆக்ஸிலரேட்டர் மிதிச்சாலே கை இழுக்கும். அகல டயரும் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும், அது இயல்பு, ஆனா ஸ்பேசரைக் கழட்டினதும் பாதி குறைஞ்சா காரணம் தெரிஞ்சுபோச்சு. வீல் பேரிங்கும் இதனாலதான் சீக்கிரம் போகுது.

காத்து தினமும் கொஞ்சம் கொஞ்சமா இறங்குது, பஞ்சர் இல்ல

வால்வுல சோப்புத்தண்ணி விட்டுப் பாத்து ஒண்ணும் இல்லன்னா வீலைக் கழட்டி உள்பக்க உதட்டை வெளிச்சத்துல சுத்திப் பாருங்க, வளைவு இருக்கும், இல்ல மயிரிழை மாதிரி விரிசல் இருக்கும். ட்ராக்ல கெர்ப் (ஓரத்து மேடு) மேல ஏறி இறங்குற ரிம்முக்கு விரிசல் பெரும்பாலும் உள்பக்கம்தான் ஆரம்பிக்குது, ஸ்போக் பின்பக்கம் ரிம்மோட சேர்ற மூலையும் பாக்கணும். பிரேக் தூசியைக் கழுவாம பாத்தா தெரியாது, கழுவிட்டு விரல் நகத்தால வருடிப் பாருங்க, நகம் மாட்டுதுன்னா அந்த ரிம்மை வெல்டிங்குக்குக் கொடுக்காதீங்க, ரோட்டுக்குக்கூட திரும்பப் போடாதீங்க.